கொலை நடந்தது யார் வீட்டில்? காசு சேர்ந்தது யார் பையில்?

புதுச்சேரி நெல்லித்தோப்பு. ஒரு சின்ன வீடு. இரவு மணி ஒன்பதரை.

சாப்பாடு முடிந்துவிட்டது. கூடத்தில் டி.வி. ஓடுகிறது. ஆயா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மருமகள் தரையில் அமர்ந்து, நாளைக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் பேரன் பாயில் படுத்திருக்கிறான். விருந்தாளியாகப் போன நானும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் ஒரு கொலை!

கதை அல்ல. உண்மையில் நடந்த கொலை. அதை நடிகர்களை வைத்து மறுபடியும் நடித்துக் காட்டுகிறார்கள். இருட்டு. மழை. ஒரு கதவு மெல்லத் திறக்கிறது. 'திடும் திடும்' என்று மேளச் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது யார்?

"கொலைகாரன் யார்? இடைவேளைக்குப் பிறகு!" என்கிறது ஒரு கரகரத்த குரல்.

சட்டென்று திரை வெளுக்கிறது. பளிச்சென்று வெள்ளைச் சட்டை. சோப்புத்தூள் விளம்பரம்! அடுத்தது பிரியாணி மசாலா. அதற்கடுத்தது நகைக்கடை.

பேரன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஆயா, இதையெல்லாம் நமக்கு ஓசியிலதான காட்டுறாங்க?"

"மாசா மாசம் கேபிள்காரரு வந்து வாங்கிட்டுப் போறாரே, அது என்னவாம்?" என்றார் ஆயா.

"அது கேபிளுக்கு. இந்தக் கொலைய எடுத்துக் காட்டுறவங்களுக்கு யாரு காசு தர்றது?"

ஆயாவுக்குப் பதில் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீதானேப்பா பேப்பர்ல எழுதுற. புள்ளைக்குச் சொல்லேன்" என்றார்.

அப்போது நான் ஏதோ அரைகுறையாகச் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அது சமாளிக்கக் கூடிய கேள்வி அல்ல. டி.வி. பார்க்கும் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

மோடி மஸ்தான் வித்தை

நம் ஊர் காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடுவது எல்லோருக்கும் தெரியும். இதைப் போன்ற சந்தைகளில் முன்பெல்லாம் மோடி மஸ்தான் வருவான்.

அவன் எதிரே ஒரு கூடை. கூடைக்குள் பாம்பு. பக்கத்தில் கயிற்றில் கட்டிய கீரி.

"பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போகிறேன். இடத்தை விட்டு யாரும் அசையாதீர்கள்!" என்பான்.

கூட்டம் சேரும். கூடையை லேசாகத் திறப்பான். மூடுவான். மறுபடியும் திறப்பான். மூடுவான். நடுவில் தாயத்தை எடுத்து விற்க ஆரம்பித்துவிடுவான். தாயத்து தீரும். பொழுதும் சாயும். சண்டை மட்டும் நடக்காது!

மோடி மஸ்தான் விற்றது சண்டையை அல்ல, தாயத்தை. சண்டை என்ற பேச்சு கூட்டம் சேர்ப்பதற்கு.

டி.வி. விளம்பரமும் இந்த வித்தைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மோடி மஸ்தான் தன் தாயத்தைத் தானே விற்றான். டி.வி. கம்பெனியிடம் தாயத்து கிடையாது. அது கூட்டத்தைச் சேர்க்கும். சேர்த்த கூட்டத்தைத் தாயத்துக்காரரிடம் விற்றுவிடும்.

அந்தக் கூட்டம் யார்?

நீங்கள்தான். நான்தான். கீரை ஆய்ந்த மருமகளும் பாயில் படுத்த பேரனும்தான்.

சோப்புக் கம்பெனி கொடுக்கும் பணம் கொலைக் கதைக்கான விலை அல்ல. அந்தக் கதையைப் பார்க்க உட்கார்ந்த நம் கண்களுக்கான விலை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், டி.வி. விளம்பரத்தின் அரிச்சுவடியைப் படித்து முடித்துவிட்டோம்.

பத்து விநாடி என்ன விலை?

துணியை மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். அரிசியைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். டி.வி.யில் விளம்பர நேரத்தைப் பத்து விநாடிக் கணக்கில் விற்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து விநாடிக்கு 5,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம் விளம்பரம். 10 நிமிடம் என்றால் 600 விநாடி. அதாவது 60 பத்து விநாடிகள். 60-ஐ 5,000-ஆல் பெருக்குங்கள். மூன்று லட்சம் ரூபாய்!

பார்ப்பவர் கூட்டம் இரண்டு மடங்கானால், அடுத்த முறை விலையை ஏற்றிக் கேட்கலாம். கூட்டம் கலைந்தால் விலையும் இறங்கும். கதவு திறக்கிற நேரம் பார்த்து இடைவேளை விடுகிறார்களே, ஏன்? நாம் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காக. மோடி மஸ்தான் கூடையைத் திறந்து திறந்து மூடினானே, அதே காரணம்தான்.

இதில் இன்னொரு வகையும் உண்டு. "இந்த நிகழ்ச்சியை வழங்குவோர்" என்று சொல்லி ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டுவார்கள். நிகழ்ச்சி முழுவதற்கும் சேர்த்துப் பணம் கொடுப்பவர் அவர்.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு விளம்பரம் போடலாம்? அதற்கும் விதி இருக்கிறது. 1994-ம் ஆண்டின் கேபிள் டி.வி. விதிகள் 12 நிமிடம் என்கின்றன. 10 நிமிடம் மற்றவர்களின் விளம்பரம். 2 நிமிடம் அந்த டி.வி.யின் சொந்த நிகழ்ச்சிகளைப் பற்றிய விளம்பரம். அடுத்த முறை கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பிள்ளைகளுக்கு நல்ல கணக்குப் பாடம்!

9 டாலரில் தொடங்கிய வியாபாரம்

உலகின் முதல் டி.வி. விளம்பரம் என்று சொல்லப்படுவது 1941-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நியூயார்க்கில் வந்தது. அது 'புலோவா' என்ற கைக்கடிகாரத்தின் விளம்பரம். ஒரு பேஸ்பால் பந்தயத்துக்கு முன்னால் காட்டினார்கள். அதற்கு ஆன செலவு 9 டாலர்.

இந்தியாவில் டி.வி. 1959-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி டில்லியில் தொடங்கியது. சென்னைக்கு வந்தது 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. அதுவரை நம் நாட்டு டி.வி.யில் விளம்பரமே கிடையாது. 1976-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிதான் தூர்தர்ஷனில் விளம்பரம் நுழைந்தது.

1984-ல் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் வந்தது. மேகி நூடுல்ஸ் கம்பெனி பணம் கொடுத்தது. தொடர் ஓடியது. நூடுல்சும் ஓடியது! ஒரு குடும்பத்தின் கண்ணீரைக் காட்டினால் ஒரு பொருளை விற்கலாம் என்று வியாபாரிகள் கண்டுகொண்டார்கள்.

1993-ம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டி.வி. வந்தது. பிறகு டி.வி.க்கள் வரிசையாக வந்தன. வியாபாரிகள் கூட்டத்தைத் தேடினார்கள். டி.வி.க்கள் கூட்டம் சேர்க்கும் கதையைத் தேடின. இந்தியில் 1998-ல் 'இந்தியாஸ் மோஸ்ட் வாண்டட்', 2003-ல் 'கிரைம் பேட்ரோல்' என்று உண்மைக் குற்ற நிகழ்ச்சிகள் வந்தன. தமிழில் விஜய் டி.வி.யில் 'நடந்தது என்ன? குற்றமும் பின்னணியும்' வந்தது. இன்று யூ டியூபிலும் இப்படிப்பட்ட கதைகள் குவிந்து கிடக்கின்றன. அங்கேயும் நடுவில் விளம்பரம் வரத்தான் செய்கிறது.

தலையை எண்ணுவது யார்?

சந்தையில் கூடிய தலைகளை எண்ணிவிடலாம். வீட்டுக்குள் டி.வி. பார்க்கும் தலைகளை எப்படி எண்ணுவது?

அதற்கு 'பார்க்' என்ற அமைப்பு இருக்கிறது. சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, டி.வி.யோடு ஒரு சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். எந்த டி.வி.யை யார் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அந்தக் கருவி சொல்லும். அதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். அதைத்தான் 'டி.ஆர்.பி.' என்கிறார்கள்.

எத்தனை வீடுகளில் கருவி இருக்கிறது? மத்திய அரசு 2025-ல் சொன்ன கணக்கு இது: நாட்டில் டி.வி. உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. கருவிகள் சுமார் 58,000. ஏறக்குறைய நாலாயிரம் வீட்டுக்கு ஒரு வீடு!

அந்த ஒரு வீட்டில் என்ன பார்க்கிறார்களோ, அதுதான் நாலாயிரம் வீட்டின் ருசி என்று கணக்கு. அந்த வீட்டில் கொலைக் காட்சியைப் பார்த்தால் மதிப்பெண் ஏறும். மதிப்பெண் ஏறினால் பத்து விநாடியின் விலை ஏறும். விலை ஏறினால் அடுத்த வாரம் இன்னொரு கொலை வரும்.

சிந்து பாடி விற்ற காலம்

கொலைக் கதை கேட்கும் ஆசை டி.வி. வந்த பிறகு வந்ததா? இல்லை, அது பழைய ஆசை.

நம் தாத்தா காலத்தில் 'கொலைச்சிந்து' இருந்தது. எங்கேயாவது கொலை நடந்தால் அதைப் பாட்டாகக் கட்டுவார்கள். மலிவு விலையில் சின்னப் புத்தகமாக அச்சடிப்பார்கள். சந்தையிலும் ரெயிலடியிலும் பாடிப் பாடி விற்பார்கள். ஜனங்கள் கண்ணீர் விட்டுக் கேட்டு, காசு கொடுத்து வாங்குவார்கள்.

நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டிலும் இதே கதைதான். பாரிசில் 1863-ல் 'லெ பெத்தி ழூர்னால்' என்ற பத்திரிகை தொடங்கியது. விலை ஐந்து சாந்தீம். ஏழைகளும் வாங்கக் கூடிய விலை. 1869-ல் பாரிசுக்கு அருகே பாந்த்தேன் என்ற இடத்தில் ஒரு தாயும் ஐந்து குழந்தைகளும் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். தகப்பனும் மூத்த மகனும் கொல்லப்பட்டது பிறகு தெரிந்தது. பத்திரிகை நாள்தோறும் அந்தச் செய்தியைப் பெரிதாகப் போட்டது. விற்பனை மளமளவென்று ஏறியது.

1952-ல் சென்னை சைனா பஜாரில் பேனா வியாபாரம் செய்த ஆளவந்தார் கொல்லப்பட்டார். ரெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரையில் திறந்து பார்த்தால், உள்ளே தலை இல்லாத உடல்! அந்த நாளில் தமிழ்நாடு முழுவதும் இதே பேச்சு. பத்திரிகைகள் போட்டி போட்டு எழுதின.

ஆகவே டி.வி.யை மட்டும் குற்றம் சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ள மாட்டோம். கொலைச் செய்தி வந்த நாளில் பேப்பர் கூடுதலாக விற்கும். இது பத்திரிகைத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். எங்கள் கையிலும் கறை உண்டு. அதனால்தான் இதைச் சொல்லும் கடமையும் எங்களுக்கு உண்டு.

பாகவதர் பட்ட பாடு

"உண்மையில் நடந்ததைத்தானே காட்டுகிறார்கள்? அதில் என்ன தப்பு?" என்று சிலர் கேட்கலாம்.

நடந்தது உண்மை. செய்தது யார் என்பது கோர்ட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதற்குள் அவசரப்பட்டால் என்ன ஆகும்? எம்.கே.தியாகராஜ பாகவதரைக் கேளுங்கள்.

1944-ம் ஆண்டு நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் இறந்தார். நடிகர், நடிகைகளைப் பற்றி அவதூறு எழுதிப் பத்திரிகை நடத்தியவர் அவர். பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். தண்டனையும் கிடைத்தது.

அப்போது பாகவதர் புகழின் உச்சியில் இருந்தார். அவர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியானது. மூன்று தீபாவளி கண்ட படம் அது. படம் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் சிறையில் இருந்தார்!

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுபடியும் விசாரிக்கும்படி உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது.

விடுதலை கிடைத்தது. பழைய வாழ்வு கிடைக்கவில்லை. பாகவதரின் பிற்காலப் படங்கள் ஓடவில்லை. 1959-ல் அவர் காலமானார். கலைவாணர் மீண்டும் எழுந்தார். பாகவதரால் எழ முடியவில்லை.

நாடறிந்த பாகவதருக்கே இந்தக் கதி. கையில் காசில்லாத ஒரு கூலித் தொழிலாளியின் முகத்தை, "இவன்தான் கொலைகாரன்" என்று டி.வி.யில் காட்டிவிட்டால்? ஐந்து வருடம் கழித்து அவன் விடுதலையானால், அதை எந்த டி.வி. ஒரு மணி நேரம் காட்டும்? அவன் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் நிம்மதி கிடைக்கும்?

2020-ல் நடந்த கூத்து

பாகவதர் காலத்தில் டி.வி. இல்லை. டி.வி. உள்ள காலத்தில் என்ன நடந்தது?

2020-ம் ஆண்டு ஜூன் மாதம். இந்தி நடிகர் சுசாந்த் சிங் ராஜ்புத் மும்பையில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். "கொலையா?" என்று சில செய்தி டி.வி.க்கள் இரவும் பகலும் கத்தின. அவருடைய தோழியை டி.வி.யிலேயே நிறுத்தி விசாரித்தார்கள். டி.வி.யிலேயே தீர்ப்பும் சொன்னார்கள்.

அதே அக்டோபரில் டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் குழு, இது கொலை அல்ல என்றது. 2025 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்கை முடித்து அறிக்கை கொடுத்தது. ஆனால் அத்தனை மாதமும் விளம்பரப் பணம் வந்துகொண்டுதானே இருந்தது?

அந்த அக்டோபரில் இன்னொரு செய்தியும் வந்தது. டி.ஆர்.பி. மதிப்பெண் எடுப்பதில் மோசடி என்று மும்பை போலீசில் வழக்கு. அந்த வழக்கு பின்னால் வாபஸ் ஆனது. ஆனாலும் செய்தி டி.வி.க்களுக்கு மதிப்பெண் வெளியிடுவதை 'பார்க்' நிறுத்தியது. மறுபடியும் வெளியிட்டது 2022 மார்ச்சில்தான்.

அப்போது இரண்டு கம்பெனிகள் துணிந்து பேசின. பஜாஜ் ஆட்டோவும், பார்லே பிஸ்கெட் கம்பெனியும், "வெறுப்பைப் பரப்பும் டி.வி.க்களுக்கு எங்கள் விளம்பரம் இல்லை" என்று அறிவித்தன. விளம்பரம் கொடுப்பவர் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது, பார்த்தீர்களா?

பம்பாய் ஐகோர்ட்டு 2021-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கு விசாரணையில் இருக்கும்போது, குற்றம் எப்படி நடந்தது என்று நடித்துக் காட்டக் கூடாது என்றது. சாட்சிகளைப் பேட்டி எடுத்து அலசக் கூடாது என்றது. இருட்டு, மழை, திறக்கும் கதவு, மேளச் சத்தம் எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருக்கிறது.

நம் ஊர்க் குழந்தை

மும்பை தூரம். நம் வாசலுக்கே வருவோம்.

2024 மார்ச் மாதம். நம் புதுச்சேரியில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். ஊரே பதறியது. தாய்மார்கள் தெருவுக்கு வந்து கதறினார்கள். கடைகள் அடைக்கப்பட்டன.

அந்தக் குழந்தையின் பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை. தெருவை எழுதவில்லை. பள்ளிக்கூடத்தை எழுதவில்லை. எழுதக் கூடாது என்கிறது சட்டம்.

ஆனால் அந்த நாட்களில் பெயரும் படமும் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்ல. பாசத்தோடும் கோபத்தோடும் அனுப்பியவர்கள்தான். இருந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள். அந்த வீட்டில் பெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாளைக்கு ஒரு நாள் யாரோ ஒருவர் அந்தக் கதையை நடித்துக் காட்டினால்? நடுவில் சோப்புத்தூள் விளம்பரம் வந்தால்? அதை எந்தத் தாய் பார்க்க முடியும்?

நமக்கு அது ஒரு மணி நேரப் பொழுதுபோக்கு. அவர்களுக்கு அது வாழ்நாள் முழுவதும் ஆறாத புண். கொலை நடந்தது அவர்கள் வீட்டில். காசு சேர்வது வேறு யாருடைய பையிலோ!

சட்டம் என்ன சொல்கிறது?

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. இது 'போக்சோ' சட்டம். மீறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. 2024 ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், மீறுபவருக்கு இரண்டு வருடம் வரை சிறை. ஆளானவர் இறந்துவிட்டாலும் பெயரைச் சொல்லக் கூடாது என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்படியானால் குற்றத்தைப் பற்றி எழுதவே கூடாதா? எழுதலாம்.

ஆட்டோ சங்கர் கதை நினைவிருக்கிறதா? திருவான்மியூரில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவன். சிறையில் அவன் எழுதிய வாழ்க்கைக் கதையை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிட முனைந்தது. அதிகாரிகள் தடுத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. கோர்ட்டுப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை யாரும் எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய சொந்த வாழ்க்கைக்குள் நுழைய வேண்டுமானால் அவருடைய சம்மதம் வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை எழுதவே கூடாது. இதுதான் கோடு.

பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அந்த நாட்டில் 2000-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. தீர்ப்பு வருவதற்கு முன், கைவிலங்கோடு இருக்கும் ஒருவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. அந்த நாட்டு உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். நம் நாட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டாமா?

நல்லதும் உண்டு

குற்ற நிகழ்ச்சிகளால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது நியாயம் ஆகாது.

ஜெர்மனியில் 1967-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. துப்புத் துலங்காத வழக்குகளைக் காட்டி, "உங்களுக்கு ஏதாவது தெரியுமா? போலீசுக்குச் சொல்லுங்கள்" என்று ஜனங்களைக் கேட்டார்கள். இங்கிலாந்தில் பி.பி.சி. 1984 முதல் 2017 வரை 'கிரைம்வாட்ச்' என்ற நிகழ்ச்சியை நடத்தியது. அமெரிக்காவில் இதே மாதிரியான ஒரு நிகழ்ச்சியால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைமறைவுக் குற்றவாளிகள் பிடிபட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பி.பி.சி.க்கு இங்கிலாந்தில் விளம்பரமே கிடையாது. ஜனங்கள் கட்டும் கட்டணத்தில் நடக்கிறது. அந்த ஜெர்மன் டி.வி.யில் இரவு 8 மணிக்கு மேல் விளம்பர இடைவேளை இல்லை. நிகழ்ச்சி வருவது 8 மணிக்குப் பிறகு! கொலையாளியைப் பிடிக்கத்தான் நிகழ்ச்சி என்றால், சோப்புத்தூள் இல்லாமலும் அதை நடத்தலாம் என்பதற்கு இவை சாட்சி.

நாம் கேட்பது என்ன?

டி.வி.க்காரர்களே! தீர்ப்பு வராத வழக்கை நடித்துக் காட்டாதீர்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் அவர்கள் துயரத்தைக் கதையாக்காதீர்கள். தாய் கதறும் இடத்தில் இடைவேளை விடாதீர்கள். ஒருவரைக் கைது செய்ததை எவ்வளவு நேரம் காட்டினீர்களோ, அவர் விடுதலையானதையும் அவ்வளவு நேரம் காட்டுங்கள்.

வியாபாரிகளே! உங்கள் விளம்பரம் எந்த நிகழ்ச்சிக்கு நடுவில் வருகிறது என்று பாருங்கள். உங்கள் பொருள் நல்ல பொருளாக இருக்கலாம். பிணத்தின் பக்கத்தில் கடை போட்டால் நல்ல பொருளுக்கும் நாற்றம் ஒட்டும்.

குடும்பத்தாரே! நமக்கும் வேலை இருக்கிறது.

ஒன்று: "இவன்தான் கொலைகாரன்" என்று டி.வி. சொன்னால், "கோர்ட்டு சொல்லிவிட்டதா?" என்று கேளுங்கள்.

இரண்டு: பாதிக்கப்பட்ட பெண், குழந்தை ஆகியோரின் பெயரும் படமும் கைபேசிக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அழித்துவிடுங்கள்.

மூன்று: சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது இந்த நிகழ்ச்சிகளைப் போடாதீர்கள். பார்த்துவிட்டால், நடித்துக் காட்டியது எது, நடந்தது எது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

நான்கு: எல்லை மீறியதாகத் தோன்றினால் அந்த டி.வி.க்கே புகார் எழுதுங்கள். 2021-ல் வந்த விதிப்படி 15 நாளில் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். பதில் திருப்தி தரவில்லையா? டி.வி.க்காரர்களின் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். அதன் பிறகு மத்திய அரசுக்கே போகலாம்.

ஐந்து: இது எல்லாவற்றையும் விட எளிது. மாற்றும் பொத்தான் உங்கள் கையில் இருக்கிறது. கூட்டம் கலைந்தால் மோடி மஸ்தான் கூடையைக் கட்டிக்கொண்டு போய்விடுவான்.

நெல்லித்தோப்புக்குப் போன கதையோடு தொடங்கினேன். அதோடு முடிக்கிறேன்.

சென்ற வாரம் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். இங்கே எழுதியதை எல்லாம் பேரனுக்கு நிதானமாகச் சொன்னேன். கணக்கையும் போட்டுக் காட்டினேன். அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"அப்போ நாம பார்க்கலேன்னா அவங்களுக்குக் காசு வராதா?" என்றான்.

"வராது."

"செத்துப்போனவங்க வீட்டுக்கு அந்தக் காசுல ஏதாவது குடுப்பாங்களா?"

இந்தத் தடவை ஆயா என்னைப் பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்தார். டி.வி.யை நிறுத்தினார்.

"வாடா கண்ணு, படு. நேரமாச்சு" என்றார்.